கூட்டமாக வந்தால் சட்டம் ஒதுங்க வேண்டுமா?

சனி, ஞாயிறுகளில் கொழும்பிலிருந்து மலையேறி வரும் சைக்கிள் குழுக்களில் ஒன்றைச் சேர்ந்த நண்பர் ஒருவர், கூட்டுச் சவாரிக்குப் போக்குவரத்துச் சட்டம் பொருந்தாது என்று கட்டுரை எழுதி வாதாடியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் வாய்விட்டுச் சொன்னதைச் சொல்லாமல் செய்துகாட்டுகிறவர்கள் ஏராளம். ஆளை விட்டுவிட்டு வாதத்தை எடுத்துக்கொள்வோம்.

வாதம் இதுதான். வீதிச் சட்டம் மோட்டார் வாகனத்துக்காக எழுதப்பட்டது, சைக்கிளுக்கு அல்ல. இருபது முப்பது பேர் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி ஓடும்போது திடீரென்று நிறுத்தினால் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள், ஆகவே நிற்காமல் போவதே பாதுகாப்பு. சைக்கிள் மோதி யாரும் சாவதில்லை. பஸ்ஸும் வேனும் மதிக்காத சட்டத்தைச் சைக்கிள்காரர் மட்டும் ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும்? கடைசியாக ஒன்று: அம்பேவல, பட்டிப்பொல பக்கம் வீதி காலியாகத்தானே கிடக்கிறது, யாருக்கு என்ன இடைஞ்சல்?

கடைசியில் சொன்னதை முதலில் எடுக்கிறேன். மற்ற நான்கும் அதன் முதுகில்தான் ஏறி நிற்கின்றன.

பட்டிப்பொல 6,200 அடிக்கு மேலே இருக்கிறது. நாட்டிலேயே மிக உயரமான ரயில் நிலையம் அங்கேதான். நுவரெலியாவிலிருந்து பிளக்பூல் சந்தியில் திரும்பி, அம்பேவல பண்ணையைத் தாண்டி, பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் வீதியில் விடிகாலையில் யார் யார் போகிறார்கள் என்பது நண்பருக்குத் தெரியவில்லை. தெரியாததில் வியப்பில்லை. கூட்டத்தில் ஓட்டுகிறவர் வழி நெடுகப் பார்ப்பது முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைத்தான்.

தலையை நிமிர்த்தியிருந்தால் தெரிந்திருக்கும். சமவெளியின் வாசல் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர இருட்டோடு கிளம்பிய சுற்றுலா வேன்கள் வரிசையாக ஏறுகின்றன. பனிமூட்டம் மூடுவதற்குள் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துச் சரிவைக் காட்டிவிட வேண்டும் என்ற பதற்றம் ஒவ்வொரு சாரதிக்கும். எதிரே கரட், லீக்ஸ், கோவா மூட்டைகளை வாய்முட்ட ஏற்றிய லொறி இறங்கி வருகிறது. பால் பவுசர் வருகிறது. இவற்றுக்கு நடுவே வீதியோரமாக மனிதர்கள் நடக்கிறார்கள். பண்ணைக்கும் தோட்டத்துக்கும் மரக்கறிக் காணிக்கும் வேலைக்குப் போகிறவர்கள், தலையில் விறகுக் கட்டோடு திரும்புகிற பெண்கள், டியூஷன் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள். நடைபாதை என்று ஒன்று அங்கே கிடையாது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான். லொறிக்கு ஒதுங்குகிறவர் ஒரு காலைக் கானுக்குள் வைத்துத்தான் ஒதுங்குகிறார். பனி இறங்கிவிட்டால் இருபது மீற்றருக்கு அப்பால் வருவது மாடா மனிதனா என்று தெரியாது.

இந்த வீதிக்குத்தான் காலி என்று பெயர். மோட்டார் வாகனம் குறைவாக இருந்தால் வீதி காலி, நடக்கிறவர் கணக்கில் சேர்த்தி இல்லை. மோட்டார்காரரின் திமிரைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிற சைக்கிள்காரர், வீதியை அளப்பதற்கு மட்டும் மோட்டார்காரரின் கண்ணைக் கடன் வாங்கிக்கொள்கிறார்.

இதில் இன்னொரு சங்கதியும் மறைந்திருக்கிறது. சைக்கிள் என்றால் எளியவரின் வாகனம், ஆகவே சைக்கிள்காரர் பக்கம்தான் நியாயம் என்று நமக்கெல்லாம் ஒரு பழகிய எண்ணம். யாழ்ப்பாணத்துக்கு அது பொருந்தும். அங்கே சமதரை. பெட்ரோலுக்கு வரிசை நின்ற 2022 இல் கொழும்பில்கூட அலுவலகம் போனவர்கள் சைக்கிளை மிதித்தார்கள். மலையகத்தின் கதை வேறு. லயத்துக்கும் மலைக்கும், மலைக்கும் கொழுந்து மடுவத்துக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கத்தில் அன்றாடம் சைக்கிள் மிதிக்க எந்தக் கால் தாங்கும்? இங்கே எளியவரின் வாகனம் அவரவர் கால்தான். பட்டிப்பொல வீதியில் பலவீனமான ஆள் நடந்துபோகிறவர். இறக்கத்தில் ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வருகிற கூட்டம், அந்த நேரத்துக்கு அந்த இடத்தில், பலசாலிகளின் வரிசையில் நிற்கிறது. எளியவருக்குரிய சலுகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு பலசாலியைப் போல ஓட்ட முடியாது.

இனி, சட்டம் மோட்டாருக்காக எழுதப்பட்டது என்ற வாதம். வரலாறு தெரியாமல் சொன்னதென்றால் மன்னிக்கலாம், தெரிந்தே சொன்னதென்றால் கஷ்டம். நமது வீதிச் சட்டங்களின் வேர் பிரித்தானியாவில் இருக்கிறது. அங்கே 1879 இல், கண்மண் தெரியாமல் சைக்கிள் ஓட்டிய ஒருவரின் வழக்கில், சைக்கிளும் வண்டிதான், குதிரை வண்டிக்குரிய சட்டம் அதற்கும் உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 இல். அதாவது, உலகத்தில் மோட்டார் கார் ஓடத் தொடங்குமுன்பே சைக்கிள்காரர் சட்டத்துக்குள் வந்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. 1888 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் சைக்கிளை வண்டி என்று வெளிப்படையாக அறிவித்தது. அந்த அறிவிப்பால் சைக்கிள்காரருக்கு வீதியில் போகும் உரிமை உறுதியாயிற்று. அதே பிரிவுதான் இரவில் விளக்கு வேண்டும், ஆளை முந்தும்போது மணியடிக்க வேண்டும் என்றும் சொன்னது. உரிமையும் கடமையும் ஒரே தாளில், ஒரே மையில் வந்தவை. வேன்காரர் தள்ளிப் போக வேண்டும், முந்தும்போது ஒன்றரை மீற்றர் இடைவெளி விட வேண்டும், வீதி எங்களுக்கும் சொந்தம் என்று இன்று கேட்கிறார்களே, அந்தக் கோரிக்கைகள் நிற்பதும் அந்தத் தாளின் மேல்தான். தமக்குப் பிடித்த பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைக் கிழிக்கப் பார்க்கிறார் நண்பர்.

அடுத்தது அவருடைய பிரதான ஆயுதம்: கூட்டம் ஓருடல், நடுவில் நிறுத்தினால் விபத்து. இதை ஆற அமரப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொன்னதில் பாதி உண்மை.

மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் வினாடிக்கு 11 மீற்றர். முன்னால் போகிறவருக்கும் நமக்கும் நடுவே ஒரு மீற்றர் இடைவெளி இருந்தால், நேரக் கணக்கில் அது ஒரு வினாடியின் பதினொன்றில் ஒரு பங்கு. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை இறுக்க மனிதனுக்கு முக்கால் வினாடியோ ஒரு வினாடியோ பிடிக்கும். ஆகவே, கூட்டத்தின் நடுவில் போகிறவர் வீதியைப் பார்த்து ஓட்டுவதில்லை, முன்னால் போகிறவரை நம்பி ஓட்டுகிறார். இறக்கத்தில் இது இன்னும் மோசம். 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் நல்ல சைக்கிள், காய்ந்த வீதியில் நிற்பதற்கே முப்பது மீற்றருக்கு மேல் வேண்டும். ஈர வீதியில் இன்னும் கூட. பட்டிப்பொலயில் வீதி காய்ந்திருக்கும் காலை எத்தனை என்பதை அங்கே இருப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நண்பர் இதுவரைக்கும் சரியாகத்தான் வருகிறார். நிறுத்துவது கஷ்டம், நிறுத்தினால் விழுவார்கள், எல்லாம் மெய். ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கிற முடிவைப் பாருங்கள்: நிறுத்த முடியாது, ஆகவே நிறுத்தச் சொல்லாதீர்கள். பிரேக் பிடிக்காத லொறியை இறக்கத்தில் கொண்டுவருகிற சாரதி இதையே சொன்னால் அவரை என்ன செய்வோம்? நிற்க முடியாதபடி ஓட்டுவதுதான் இங்கே குற்றச்சாட்டு. குற்றச்சாட்டையே எதிர்வாதமாக எடுத்து நீட்டுகிற துணிச்சலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சைக்கிள் மோதி யாரும் சாவதில்லை என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கடற்கரை வீதியில் சனிக்கிழமைதோறும் ஒரு பெருங்கூட்டம் சைக்கிளில் பறக்கும். ‘ஹெல் ரைட்’ என்று அதற்குப் பெயர். 2006 ஆகஸ்ட் மாதம், மென்டோன் என்ற இடத்தில், பாதசாரிக் கடவையின் சிவப்பு விளக்கை மதியாமல் கூட்டத்தின் ஒரு பகுதி பாய்ந்தது. தனக்குரிய விளக்கை நம்பிக் கடந்துகொண்டிருந்த 77 வயது முதியவர் மீது ஒரு சைக்கிள் மோதியது. அவர் இறந்துபோனார். மோதியவருக்கு, சிவப்பு விளக்கில் நிற்காத குற்றத்துக்காக, 400 டொலர் அபராதம். ஒரு மனித உயிருக்குச் சட்டம் அப்போது வைத்திருந்த விலை அவ்வளவுதான். விக்டோரியா மாநிலம் பிறகு ஆபத்தாகச் சைக்கிள் ஓட்டுவதையும் தனிக் குற்றமாக்கியது.

அங்கே கொன்றது ஒரு மனிதரின் கெட்ட எண்ணம் அன்று. கூட்டம் நிற்காது என்று கூட்டமாக முடிவெடுத்துவைத்திருந்த பழக்கம். முன்னால் போகிறவர் பாய்ந்தார், அடுத்தவர் அவரை நம்பினார், அதற்கடுத்தவர் இவரை நம்பினார். கடைசியில் ஒருவருக்கும் பொறுப்பில்லை. நம் நண்பர் கேட்கிற விதிவிலக்கு எழுத்தில் இல்லாமல், நடப்பில் அங்கே ஏற்கெனவே அமுலில் இருந்தது. அதன் பலன்தான் அந்தச் சாவு.

அமெச்சூர்களை விடுவோம். தொழில்முறைச் சைக்கிள் வீரர்கள் எப்படி? 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் மூடிய ரயில் கடவையைத் தாண்டிப் போன மூவர், ஹோஸ்ட், வான் பெடெகம், குசேவ், வென்றவருக்கு அடுத்த மூன்று இடங்களில் வந்து சேர்ந்தார்கள். மூவரையும் தகுதி நீக்கினார்கள். பொலிஸ் காவலோடு, வீதியை மறித்து நடத்துகிற பந்தயத்தில், உலகத்தின் முன்னணி வீரர்களுக்கே ரயில் கடவையில் விலக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை, திரும்பி வந்து இடியப்பம் சாப்பிடுவதற்காக ஓட்டுகிறவர்களுக்கு அந்த விலக்கை நாம் தர வேண்டுமாம்.

ரயில் கடவையை நான் சும்மா இழுக்கவில்லை. 1924 இல் பதுளை வரை போய்ச் சேர்ந்த மலைநாட்டு ரயில் பாதை இந்த வீதிக்கு நெருக்கமாகத்தான் பட்டிப்பொலயைக் கடக்கிறது. சமவெளிக்கு ஏறுகிறவர் தண்டவாளத்தைத் தாண்டியாக வேண்டும். முப்பது சைக்கிள்கள் சேர்ந்து வந்தால் தலை அந்தப் பக்கமும் வால் இந்தப் பக்கமும் இருக்கும். தலை தாண்டியதைப் பார்த்து வால் மிதிக்கும். ஈரத் தண்டவாளத்தில் ஒல்லி டயர் சாய்வாக ஏறினால் வழுக்கும் என்பது சைக்கிள்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவரும் தண்டவாளத்தின் மேலேயே விழுவார். கூட்டம் ஓருடல் என்ற தத்துவத்தை உடரட மெனிக்கே ரயிலின் சாரதிக்கு யார் போய் விளங்கவைப்பது?

பஸ்காரர் மதிக்காத சட்டத்தை நாங்கள் ஏன் மதிக்க வேண்டும் என்கிற கேள்வியைக் கொழும்பில் இருந்து கேட்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் நின்றுகொண்டு கேட்கக் கூச வேண்டும். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒரு வேனிலும் த்ரீவீலிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இந்த ஊர்களில் சவப்பெட்டிகளைத் தூக்கியவர்களின் தோள் இன்னும் ஆறவில்லை. மலைவீதி ஒரு தவறுக்குக்கூட இடம் தராது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதையெல்லாம் பார்த்துவிட்டு, அவர்கள் ஒழுங்காக இல்லை, ஆகவே நாங்களும் இருக்க மாட்டோம் என்று முடிவுக்கு வர ஒரு தனி மனம் வேண்டும்.

எல்லோரும் மீறுகிறார்கள் என்பதும் பொய். குறுகிய மேட்டில் ஏறி வருகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் நின்று வழிவிடுவது இங்கே லொறிக்காரரிலிருந்து த்ரீவீல்காரர் வரை பழகிய மரியாதை. முடக்கில் ஹோர்ன் அடிப்பது, பனியில் விளக்கைப் போடுவது, ஆள் நடந்தால் வேகத்தைக் குறைப்பது, எல்லாம் அப்படித்தான். எதிரே வருகிறவர் அடுத்து என்ன செய்வார் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்த வீதியில் இரண்டு பேர் உயிரோடு விலகிப் போக முடியும். சட்டம் செய்கிற வேலையும் அதுதான். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பும்படி செய்கிறது. அதைக் குலைத்துவிட்டு, இறங்கிப் பறந்து ஏறுகிற லொறியை நிறுத்த வைக்கிறது கூட்டம். மூட்டை ஏற்றிய லொறி ஏற்றத்தில் ஒருமுறை நின்றால் மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்பதைக் கியர் பன்னிரண்டு வைத்த சைக்கிள்காரர் யோசிக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் இரவில் லைட் இல்லாமல் போகிற சைக்கிளைப் பொலிஸ் மறிக்கும். டபிள்ஸ் போனாலும் மறிக்கும். மீன் விற்றுத் திரும்புகிறவர், கூலிக்குப் போய்த் திரும்புகிறவர், தண்டத்தைக் கட்டிவிட்டுப் போகிறார். எங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அவர் கட்டுரை எழுதுவதில்லை. சட்டம் தனக்கில்லை என்று வாதாடுவதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

நண்பருக்கு நியாயமும் செய்துவிடுவோம். சைக்கிளுக்குச் சில விதிகள் பொருந்தவில்லை என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம், நிறுத்தக் குறியில் சைக்கிள்காரர் வேகம் குறைத்து, யாருமில்லை என்றால் முழுதாக நிற்காமல் போகலாம் என்று 1982 இலேயே சட்டம் செய்தது. பிரித்தானிய வீதி விதிக்கோவை 2022 திருத்தத்தில், இருவர் அருகருகே ஓட்டலாம் என்று உறுதிப்படுத்தியது. ஆனால் பின்னால் வருகிறவர் பத்திரமாக முந்த முடிகிறபோது ஒற்றை வரிசைக்கு மாறியோ நின்றோ இடம் விட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஐடஹோ சலுகையும், வேகம் குறைத்துப் பார்க்கிறவருக்கு மட்டும்.

கூட்டத்துக்கென்றே சட்டம் வைத்த நாடு ஜெர்மனி. 15 பேருக்கு மேல் சேர்ந்தால் ஒரே அணியாக, இருவர் இருவராகப் போகலாம். முன்னால் போகிறவர் பச்சையில் சந்தியைக் கடந்துவிட்டால், நடுவில் விளக்கு மாறினாலும் பின்னால் வருகிறவர்கள் தொடரலாம். நண்பர் துள்ளிக் குதிக்கட்டும், ஆனால் மிச்சத்தையும் கேட்கட்டும். முதல் ஆள் சிவப்பில் நிற்க வேண்டும். அணி நீளமானால் மற்றவர்கள் ஊடே போக நடுநடுவே இடைவெளி விட வேண்டும். அணியை நடத்துகிறவர் என்று ஒருவர் இருக்க வேண்டும், விதிகள் காக்கப்படுவதற்கு அவர்தான் பொறுப்பு. கூட்டத்துக்குச் சலுகை வேண்டுமானால் கூட்டத்துக்குப் பொறுப்பாளியும் வேண்டும் என்பது ஜெர்மன் ஏற்பாடு. சலுகை மட்டும் கூட்டத்துக்கு, பொறுப்பு என்று வரும்போது ஆளாளுக்குக் கலைந்துவிடுவோம் என்பது நண்பரின் ஏற்பாடு.

நாங்கள் வந்தால் உங்கள் கடைகளுக்கு வியாபாரம் என்று போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். நன்றி. ஒரு பிளேன்டீக்கும் இரண்டு ரோல்ஸுக்கும் வீதியை எழுதிக்கொடுக்கிற பழக்கம் இங்கே இல்லை.

வாருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஏற்றத்தில் இருவர் இருவராக ஏறுங்கள், பின்னால் வாகனம் சேர்ந்தால் ஒற்றை வரிசைக்கு மாறுங்கள். அம்பேவலவுக்கும் பட்டிப்பொலவுக்கும் நடுவே இறக்கங்களில் பத்துப் பேருக்கு மேல் ஒட்டிப் போகாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். விளக்கும் மணியும் பூட்டுங்கள், அவற்றின் எடையால் உங்கள் நேரம் கெடாது. தண்டவாளத்தில் முதல் ஆள் தாண்டிவிட்டார் என்பதற்காக முப்பதாவது ஆள் தாண்டக் கூடாது, ஒவ்வொருவரும் தானே பார்த்துத் தாண்ட வேண்டும். சவாரியை நடத்துகிறவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முன்கூட்டியே பொலிஸில் கொடுங்கள். நிற்காமல் பறக்கத்தான் வேண்டும் என்றால் அதற்குப் பந்தயம் என்று பெயர். அனுமதி வாங்கி, வீதியை மறித்து, முடக்குக்கு முடக்கு ஆள் நிறுத்தி நடத்துங்கள். நாங்களே வந்து கைதட்டுகிறோம்.

இதில் ஒன்றுகூட முடியாது என்றால், நண்பரே, சட்டம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று இனியும் சொல்லாதீர்கள். அந்த வீதிக்கு நீங்கள் பொருந்தவில்லை.